‘பிஃபோர் டூ இயர்ஸ்’ எங்கே தடுக்குகிறது? ஆங்கிலத்தில் நேரம் சொல்லப் பழகுபவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரிடம், "ஐ வில் கால் யூ பை ஃபைவ்" என்று சொல்லி வைத்தேன். நாலரைக்கு ஒரு டீ, அப்புறம் ஒரு மெயில், ஐந்து இருபதுக்குப் போனை எடுத்தேன். என் கணக்கில் தாமதமே இல்லை. ‘அஞ்சு மணி வாக்குல கூப்பிடறேன்’ என்றுதானே சொல்லியிருந்தேன்? மறுமுனையில் குரல் இறுகியிருந்தது. அவர் காதில் விழுந்தது ‘அஞ்சு மணிக்குள்ள கூப்பிடறேன்’. நாலே முக்காலிலிருந்து வேறு வேலை எடுக்காமல் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

‘பை’. தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. நம்மூர் ஆபீஸ்களில் ‘பை ஃபைவ்’ என்றால் அஞ்சு வாக்கில், அஞ்சேகால்கூட ஆகலாம் என்று எல்லாரும் புரிந்துகொள்கிறோம். மற்ற இடங்களில் அது கெடு. ஐந்தைத் தாண்டக் கூடாது. ‘வாக்கில்’ என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு ‘அரவுண்ட் ஃபைவ்’ இருக்கிறது.

பள்ளியில் இதற்கெல்லாம் ஒரு பெரிய அட்டவணை கொடுத்தார்கள். அட், ஆன், இன் என்று மூன்று கட்டம், கீழே உதாரணங்கள். மனப்பாடம் செய்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். பிறகு வேலைக்குப் போய்ப் பேச ஆரம்பித்தபோது, அட்டவணை வரவில்லை, தமிழ்தான் வந்தது. தமிழ் வந்ததில் தப்பே இல்லை. நேரத்தைச் சொல்ல ஆங்கிலம் வைத்திருக்கும் வித்தியாசங்களில் பெரும்பாலானவற்றைத் தமிழும் வைத்திருக்கிறது, சில இடங்களில் இன்னும் கறாராகவே. நாம் சறுக்குவது, தமிழில் இரண்டு வேலை செய்யும் ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்வதால். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்கத் தமிழ் உருபிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிற வழி. ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் பழகினால்தான் வாயில் வரும்.

முதல் படி: ‘அன்று’ ஒட்டுகிறதா பாருங்கள்

ஆன் எங்கே, இன் எங்கே என்ற குழப்பத்துக்கு நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை இது ஒன்றுதான். சொல்ல வந்த நேரத்தோடு ‘அன்று’ அல்லது பேச்சு வழக்கில் ‘அன்னைக்கு’ சேர்த்துப் பாருங்கள். ஒட்டினால் ‘ஆன்’.

திங்களன்று. ஒட்டுகிறது: ‘ஆன் மண்டே’. ஜூன் பத்தாம் தேதியன்று: ‘ஆன் ஜூன் டென்த்’. என் பிறந்தநாளன்று: ‘ஆன் மை பர்த்டே’. கல்யாணத்தன்னைக்கு: ‘ஆன் த வெடிங் டே’. இனி ‘ஜூன் மாதமன்று’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கே மறுக்கிறது. அது ‘ஜூன் மாதத்தில்’. ‘இல்’ வருகிற இடத்தில் ‘இன்’: ‘இன் ஜூன்’, ‘இன் 2019’, ‘இன் சம்மர்’. ‘ஐந்து மணியன்று’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. ‘ஐந்து மணிக்கு’. ‘கு’ உருபு வருகிற இடத்தில் ‘அட்’: ‘அட் ஃபைவ்’.

ஆக, மணிக்கு என்றால் அட், அன்று என்றால் ஆன், மாதத்தில் வருஷத்தில் என்றால் இன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு வாரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொண்டு பேசிப் பார்க்கலாம். வரும் சந்தேகங்களில் முக்கால்வாசி இதிலேயே தீரும்.

தேதியும் மாதமும் சேர்ந்து வந்தால் தேதிதான் ஜெயிக்கும். ‘இன் ஜூன்’, ஆனால் ‘ஆன் ஜூன் டென்த்’. அதே மாதிரி காலைக்கு ‘இன் த மார்னிங்’. கிழமை சேர்ந்துவிட்டால், திங்களன்று காலை, ‘ஆன் மண்டே மார்னிங்’. இங்கே ‘த’வும் போய்விடும். ‘ஆன் மண்டே இன் த மார்னிங்’ என்று இரண்டையும் அடுக்குவது தப்பில்லை, தேவையில்லை.

பண்டிகைகளில் தமிழ் உருபு அழகாக வேலை செய்கிறது. ‘பொங்கலுக்கு ஊருக்குப் போவோம்’ என்றால் அந்த நாலைந்து நாள் விடுமுறையைச் சொல்கிறோம்: ‘அட் பொங்கல்’. ‘பொங்கலன்னைக்கு மழை’ என்றால் தை ஒன்றாம் தேதியை மட்டும்: ‘ஆன் பொங்கல் டே’. ஆங்கிலேயர்கள் கிறிஸ்துமஸுக்கு இதையேதான் செய்கிறார்கள். சீசன் முழுக்க ‘அட் கிறிஸ்துமஸ்’, டிசம்பர் 25 மட்டும் ‘ஆன் கிறிஸ்துமஸ் டே’. எதற்காகப் போகிறோம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘ஃபார் பொங்கல்’ என்றும் சொல்லலாம். ‘ஐ ஆம் கோயிங் ஹோம் ஃபார் பொங்கல்’ காதுக்கு இன்னும் இயல்பு.

சோதனை கைவிடும் இடங்கள்

ராத்திரி. தமிழில் ‘ராத்திரியில்’ என்கிறோம், சூத்திரப்படி ‘இன்’ வர வேண்டும். ஆங்கிலத்தில் ‘அட் நைட்’. காலை, மதியம், மாலை மூன்றுக்கும் இன் போட்டுவிட்டு ராத்திரிக்கு மட்டும் ஏன் அட் என்று கேட்டால் ஒரே பதில்தான்: அப்படித்தான் வழங்குகிறது. ‘ஐ வொர்க் அட் நைட்’ என்றால் ராத்திரி வேலைக்காரர். ஆனால் நடுவில் ஏதோ நடந்தது என்று சொல்லும்போது ‘இன் த நைட்’ வரும். ‘த பேபி வோக் அப் ட்வைஸ் இன் த நைட்’, ராத்திரியில் இரண்டு தடவை குழந்தை எழுந்துவிட்டது. ராத்திரி என்ற பொழுதைக் குறித்தால் அட், அந்த ராத்திரிக்குள் நடந்ததைச் சொன்னால் இன்.

வார இறுதிக்கு இங்கிலாந்தில் ‘அட் த வீக்கெண்ட்’, அமெரிக்காவில் ‘ஆன் த வீக்கெண்ட்’. எதைச் சொன்னாலும் புரியும். ‘இன் த வீக்கெண்ட்’ மட்டும் வேண்டாம்.

‘ஒரு மழைக்காலக் காலையில்’ என்று அடைமொழி சேர்த்துக் கதை சொல்ல ஆரம்பித்தால் அது ‘ஆன் எ ரெய்னி மார்னிங்’. தமிழ்க் காது இன் என்று சொல்லச் சொல்லும். கேட்காதீர்கள்.

இரண்டாம் படி: ஒன்றுமே போடாத இடங்கள்

‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’, ‘இன் லாஸ்ட் வீக்’, ‘ஆன் எவ்ரி சண்டே’. மூன்றும் தப்பு. திஸ், நெக்ஸ்ட், லாஸ்ட், எவ்ரி இவற்றில் ஒன்று வந்துவிட்டால் முன்னால் எதுவும் வேண்டாம். ‘ஐ வில் மீட் யூ நெக்ஸ்ட் மண்டே’. தமிழிலும் ‘அடுத்த திங்கள் பார்ப்போம்’ என்று உருபில்லாமல்தானே பேசுகிறோம்? டுடே, டுமாரோ, எஸ்டர்டே மூன்றும் இதே ஜாதி.

கூடவே ஒரு நுணுக்கம். ‘இன்னைக்கு காலைல’ என்பதை நாம் அப்படியே ‘டுடே மார்னிங்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘திஸ் மார்னிங்’. ‘இன்னைக்கு சாயங்காலம்’ என்றால் ‘திஸ் ஈவினிங்’. ‘இன்னைக்கு ராத்திரி’ மட்டும் ‘டுநைட்’ என்று தனிச் சொல். ‘நேத்து ராத்திரி’ என்பது ‘எஸ்டர்டே நைட்’ அல்ல, ‘லாஸ்ட் நைட்’. ஆனால் நேற்றுக் காலை ‘எஸ்டர்டே மார்னிங்’தான், நாளைக் காலை ‘டுமாரோ மார்னிங்’தான். சீரே இல்லாத பகுதி இது. ஐந்தாறு சொல்தான், பழகிவிடுங்கள்.

‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் எந்த வெள்ளி? புதன்கிழமை நின்றுகொண்டு ஒருவர் அப்படிச் சொன்னால் நாளை மறுநாளா, அதற்கும் அடுத்த வாரமா? நம் ‘வர்ற வெள்ளி’, ‘அடுத்த வெள்ளி’ குழப்பம் அவர்களுக்கும் உண்டு. தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இதில் சண்டை போடுவார்கள். தேதியைச் சொல்லிவிடுங்கள்: ‘ஃப்ரைடே த டுவெல்ஃப்த்’. இலக்கணம் தீர்க்காததைக் காலண்டர் தீர்க்கும்.

மூன்றாம் படி: ‘முன்னாடி’ இரண்டாகப் பிரிகிறது

தலைப்பில் இருக்கும் தப்பு இங்கேதான் வருகிறது. ‘ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சென்னைக்கு வந்தேன்.’ நாம் சொல்வது: ‘பிஃபோர் டூ இயர்ஸ் ஐ கேம் டு சென்னை.’ சரியானது: ‘ஐ கேம் டு சென்னை டூ இயர்ஸ் அகோ.’

தமிழில் ‘முன்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ‘சாப்பாட்டுக்கு முன்’ என்றால் முன் நிற்பது ஒரு நிகழ்ச்சிக்கு. ‘இரண்டு வருஷத்துக்கு முன்’ என்றால் முன் நிற்பது ஓர் அளவுக்கு, இப்போதிலிருந்து பின்னோக்கி அளந்த தூரத்துக்கு. ஆங்கிலம் முதலாவதற்கு ‘பிஃபோர்’, இரண்டாவதற்கு ‘அகோ’ என்று தனித்தனியாக வைத்துக்கொண்டது. ‘முன்’னுக்கு முந்திய சொல் ஒரு சம்பவமா, மணியா, தேதியா? பிஃபோர். இரண்டு நாள், பத்து நிமிஷம், முப்பது வருஷம் என்று நீளமா? அகோ.

இந்த அகோ எனக்குப் பிடித்த சொல். ‘கடந்து போன’ என்ற பொருளுள்ள ஒரு பழைய ஆங்கில வினையின் மிச்சம் அது. ‘டூ இயர்ஸ் அகோ’ என்றால் அடிப்படையில் ‘ரெண்டு வருஷம் போச்சு’. அதனால்தான் ஆங்கிலத்தின் வழக்கத்துக்கு மாறாக, சொல்லுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அட், ஆன், இன் எல்லாம் முன்னால் வரும். அகோ மட்டும் நம் ‘முன்’ மாதிரியே பின்னால். இரண்டு வருஷம், முன். டூ இயர்ஸ், அகோ. இந்த ஓர் இடத்தில் ஆங்கிலம் தமிழ் வரிசைக்கு வந்து நிற்கிறது, அங்கேதான் நாம் விடாப்பிடியாக ‘பிஃபோர்’ என்று முன்னால் கொண்டுபோய் வைக்கிறோம்.

அகோ வந்தால் வினை சாதாரண இறந்த காலம். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் டூ டேஸ் அகோ’ கூடாது; ‘ஐ சா ஹிம் டூ டேஸ் அகோ’.

அளவும் வந்து, ஆனால் எண்ணத் தொடங்குவது இப்போதிலிருந்து இல்லாமல் வேறொரு பழைய சம்பவத்திலிருந்து என்றால்? ‘தாத்தா 2015ல் இறந்தார். பாட்டி அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே போயிட்டாங்க.’ இங்கே ‘த்ரீ இயர்ஸ் பிஃபோர்’ அல்லது ‘த்ரீ இயர்ஸ் எர்லியர்’. அகோ எப்போதும் இந்த நிமிஷத்தில் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கும்.

நான்காம் படி: ‘கழிச்சு’

‘பத்து நிமிஷம் கழிச்சு வர்றேன்’ என்பதை ‘ஐ வில் கம் ஆஃப்டர் டென் மினிட்ஸ்’ என்கிறோம். புரியும், உள்ளூரில் யாரும் கண்டுகொள்ளவும் மாட்டார்கள். ஆனால் கேட்பவருக்கு ‘பத்து நிமிஷத்துக்கு அப்புறம் எப்போ வேணா வருவான்போல’ என்று படலாம். இப்போதிலிருந்து எண்ணினால் ‘இன்’: ‘ஐ வில் கம் இன் டென் மினிட்ஸ்’. நம் ‘பத்து நிமிஷத்துல வர்றேன்’ தான் இது. கழிச்சு என்று மனதில் வந்தால் அதை ஒருதடவை ‘-ல’ என்று மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

பழைய கதை சொல்லும்போது ஆஃப்டர், லேட்டர் இரண்டும் வரும். ‘டென் மினிட்ஸ் லேட்டர், ஹீ கேம் பேக்.’ நிகழ்ச்சிக்கும் மணிக்கும் ஆஃப்டர் எப்போதும் சரி: ‘ஆஃப்டர் லஞ்ச்’, ‘ஆஃப்டர் சிக்ஸ்’.

இன்னில் ஒரு பொறி உண்டு. ‘ஐ வில் டூ இட் இன் அன் அவர்’ என்றால் ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குவேனா, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேனா? தமிழிலும் ‘ஒரு மணி நேரத்துல செஞ்சுடறேன்’ இதே இரட்டைப் பொருளில் தொங்குகிறது. பணம், வேலை சம்பந்தப்பட்ட விஷயமானால் ‘இட் வில் டேக் அன் அவர்’ என்றோ ‘ஐ வில் ஸ்டார்ட் இன் அன் அவர்’ என்றோ உடைத்துச் சொல்வது நல்லது.

ஐந்தாம் படி: ‘க்குள்’ளும் ‘வரை’யும்

இதில் நிதானமாக நிற்போம். சம்பளம், லீவு, விண்ணப்பம் எல்லாம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் க்குள். ‘ரெண்டு நாளுக்குள்ள அனுப்புங்க’, ‘திங்கட்கிழமைக்குள்ள அனுப்புங்க’. தமிழில் இரண்டுக்கும் ஒரே உருபு. அதனால் நாம் இரண்டுக்கும் ‘விதின்’ போடுகிறோம்: ‘ப்ளீஸ் செண்ட் இட் விதின் மண்டே.’ ஆங்கிலத்தில் விதினுக்கு ஒரு நீளம் வேண்டும், உள்ளே நுழைந்து நிற்க இடம் வேண்டும். இரண்டு நாளுக்கு உள்ளே இருக்கலாம். திங்கட்கிழமை என்ற கெடுவுக்கு உள்ளே எங்கே இருப்பது? ஆகவே நீளத்துக்கு ‘விதின் டூ டேஸ்’. கெடுவாக நிற்கும் நாளுக்கும் மணிக்கும் ‘பை மண்டே’, ‘பை ஃபைவ்’.

‘நான் போய்ச் சேர்றதுக்குள்ள பஸ் போயிடுச்சு.’ இந்தக் க்குள்ளும் பைதான்: ‘பை த டைம் ஐ ரீச்ட் த ஸ்டாப், த பஸ் ஹேட் லெஃப்ட்.’

பையில் அந்த நாளும் சேர்த்தி. ‘பை ஜூன் 30’ என்றால் முப்பதாம் தேதி கொடுத்தாலும் செல்லும். ‘பிஃபோர் ஜூன் 30’ என்றால் கண்டிப்பாகப் பார்த்தால் இருபத்தொன்பதோடு முடிந்தது. இந்த வம்பே வேண்டாம் என்றுதான் நம் அரசு விண்ணப்பங்களில் ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்று மூன்று சொல்லாகப் போடுகிறார்கள்: அன்றோ, அதற்கு முன்போ. நீங்கள் கெடு வைக்கும் இடத்தில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ராத்திரி பன்னிரண்டு மணியைக் கெடுவாக வைக்கவே வைக்காதீர்கள். ‘சண்டே மிட்நைட்’ என்றால் சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நேரமா, ஞாயிறு முடியும் நேரமா என்று இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பார்கள். ‘11.59 பி.எம்.’ என்று போடும் வழக்கம் இதற்குத்தான்.

இனி வரை. ‘திங்கட்கிழமை வரைக்கும் காத்திரு’: ‘வெயிட் அன்டில் மண்டே’. வேலை தொடர்ந்து நடந்துகொண்டே இருந்து அங்கே போய் நிற்கிறது. பைக்கும் அன்டிலுக்கும் உள்ள பேதம், க்குள்ளுக்கும் வரைக்கும் உள்ள அதே பேதம்தான். ‘அஞ்சு மணி வரைக்கும் வந்துடு’ என்று யாரும் சொல்வதில்லை, ‘அஞ்சு மணிக்குள்ள வந்துடு’. ‘அஞ்சு மணிக்குள்ள தூங்கிட்டிருந்தேன்’ என்றும் சொல்வதில்லை. ஒருதடவை நடந்து முடிகிற காரியத்துக்குப் பை, நீண்டுகொண்டிருக்கும் காரியத்துக்கு அன்டில். மற்ற மொழிக்காரர்கள் பலர் இதில் வருஷக்கணக்கில் தடுமாறுகிறார்கள். நமக்குத் தாய்ப்பாலோடு வந்திருக்கிறது, ஏனோ பயன்படுத்துவதில்லை.

‘டில்’ என்று சுருக்கியும் சொல்லலாம், பொருள் ஒன்றே. உண்மையில் அது சுருக்கம்கூட இல்லை. அன்டிலைவிட டில்தான் பழைய சொல்.

லீவு லெட்டரில் அன்டிலை நம்பாதீர்கள். ‘ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் மண்டே’ என்று எழுதினால் திங்கட்கிழமை வருவீர்களா, மாட்டீர்களா? மேனேஜர் திங்கள் காலை பத்து மணிக்கு உங்களைத் தேடுவார், நீங்கள் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருப்பீர்கள். ‘ஐ வில் பி பேக் ஆன் டியூஸ்டே’ என்று இன்னொரு வரி சேர்த்துவிடுங்கள். அமெரிக்கர்கள் இதற்கு ‘மண்டே த்ரூ ஃப்ரைடே’ என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்தத் த்ரூவில் வெள்ளியும் அடக்கம்.

ஆறாம் படி: ‘எத்தனை நாளா?’, ‘என்னையிலிருந்து?’

டாக்டர் இரண்டு விதமாகக் கேட்கலாம். ‘எத்தனை நாளா காய்ச்சல்?’ என்றால் ‘ரெண்டு நாளா’. ‘என்னையிலிருந்து?’ என்றால் ‘சனிக்கிழமையிலிருந்து’. முதல் பதிலுக்கு ‘ஃபார்’: ‘ஃபார் டூ டேஸ்’. இரண்டாவதற்கு ‘சின்ஸ்’: ‘சின்ஸ் சாட்டர்டே’. நீளத்துக்கு ஃபார், தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ். ‘சின்ஸ் டூ டேஸ்’ என்பது இந்தியா முழுக்க ஓடுகிற தப்பு. ‘ரெண்டு நாளா’ என்பதை ‘ரெண்டு நாளிலிருந்து’ என்று சொல்வதற்குச் சமம்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வினையும் மாற வேண்டும், இங்கே தமிழ் கை கொடுப்பதில்லை. ‘அஞ்சு வருஷமா இங்கே வேலை செய்றேன்.’ தமிழில் நிகழ்காலம். நேர்முகத் தேர்வில் அதையே ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்கிறோம். வேண்டியது: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.’ அன்று தொடங்கியது, இன்றும் ஓடுகிறது என்றால் ஹேவ் பீன். வேலையை விட்டாயிற்று என்றால் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டால், இன்னும் பழைய கம்பெனியில்தான் இருக்கிறீர்களா, நின்றுவிட்டீர்களா என்று எதிரில் இருப்பவர் குழம்புவார்.

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2021’ என்பதும் நம் ‘இலிருந்து’வின் குழந்தை. ஃப்ரமுக்கு முடிவும் சேர்ந்து வந்தால் நன்றாக இருக்கும்: ‘ஃப்ரம் 2018 டு 2021’. இன்றுவரை நீள்கிறது என்றால் சின்ஸ்.

‘லீவுல மூணு புக் படிச்சேன்’ என்று எப்போது நடந்தது என்பதைச் சொல்ல ‘டியூரிங் த ஹாலிடேஸ்’. எவ்வளவு நேரம் என்பதற்கு டியூரிங் வராது. ‘டியூரிங் த்ரீ அவர்ஸ்’ வேண்டாம், ‘ஃபார் த்ரீ அவர்ஸ்’.

சின்னச் சின்ன ஜோடிகள்

‘ஆன் டைம்’ என்றால் சொன்ன நேரத்துக்கு: ‘த ட்ரெயின் வாஸ் ஆன் டைம்.’ ‘இன் டைம்’ என்றால் கெட்டுப்போவதற்குள், நல்லவேளையாக. ஆறு மணிப் படத்துக்கு ஐந்தே முக்காலுக்கே போய்ப் பாப்கார்னும் வாங்கிவிட்டால் இன் டைம்.

‘அட் த எண்ட்’ என்றால் ஏதோ ஒன்றின் கடைசியில், பின்னால் ‘ஆஃப்’ வரும்: ‘அட் த எண்ட் ஆஃப் த மந்த்’. ‘இன் த எண்ட்’ என்றால் கடைசியில் பார்த்தால், இவ்வளவு இழுபறிக்கும் பிறகு: ‘இன் த எண்ட், வீ டுக் எ பஸ்.’

மணி சொல்வதில் நமக்கும் அவர்களுக்கும் ஒரு பார்வை பேதம். ஐந்தே முக்கால் என்று நாம் கடந்துபோன ஐந்தில் நின்று கூட்டுகிறோம். ‘க்வார்ட்டர் டு சிக்ஸ்’ என்று அவர்கள் வரப்போகும் ஆறில் நின்று கழிக்கிறார்கள். அவசரத்தில் ‘க்வார்ட்டர் டு ஃபைவ்’ என்று வாயில் வந்துவிடும், ஒரு மணி நேரம் போய்விடும். பிரிட்டன்காரர் ‘ஹாஃப் சிக்ஸ்’ என்றால் ஆறரை, ஐந்தரை இல்லை. பயமாக இருந்தால் ‘ஃபைவ் ஃபார்ட்டி ஃபைவ்’ என்று எண்ணாகவே சொல்லுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

மீட்டிங்கை முன்னால் தள்ளி வைப்பது இன்னொரு தலைவலி. ‘புதன்கிழமை மீட்டிங் ஹேஸ் பீன் மூவ்ட் ஃபார்வர்ட் டூ டேஸ்’ என்றால் திங்களா, வெள்ளியா? லெரா பொரோடிட்ஸ்கி என்ற ஆய்வாளர் இந்தக் கேள்வியை விமான நிலையத்தில் கேட்டுப் பார்த்தபோது, யாரையோ அழைத்துப்போகக் காத்திருந்தவர்களைவிட, பறந்து வந்து இறங்கியவர்கள் அதிகமாக வெள்ளி என்றார்கள். தாமே முன்னால் நகர்ந்துவந்த நினைப்பில் மீட்டிங்கையும் முன்னால் தள்ளிவிட்டார்கள்போல. குறித்த நாளுக்கு முன்பே வைத்துக்கொள்வதைச் சொல்ல நம்மூரில் வழங்கும் ‘ப்ரிபோன்’ இந்தக் குழப்பமே இல்லாத சொல், ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலும் ஏறிவிட்டது. ஆனால் இந்தியாவுக்கு வெளியே பலர் அதைக் கேட்டதே இல்லை. ‘இட் இஸ் நவ் ஆன் மண்டே’ என்று கிழமையைச் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள்.

பழகும் விதம்

புது வாக்கியங்களை உருப்போட வேண்டாம். உங்கள் மெயிலில் அனுப்பியவை என்ற பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தில் ‘பிஃபோர்’ என்று போடுங்கள். வருகிற ஒவ்வொன்றிலும் பின்னால் நிற்பது சம்பவமா, அளவா என்று பாருங்கள். அளவானால் அகோவாக மாற்றி வாய்விட்டு ஒருதடவை சொல்லுங்கள். மறுநாள் ‘சின்ஸ்’, அதற்கு மறுநாள் ‘டுடே’, அப்புறம் ‘விதின்’. ஒரு நாளைக்கு ஒரு சொல், பத்து நிமிஷம் போதும். வாட்ஸ்ஆப்பிலும் இதே மாதிரி தேடலாம். அடுத்தவர் புத்தகத்தில் வரும் தப்பைவிட, நாம் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தப்பு சீக்கிரம் மனதில் பதியும்.

நான் முதன்முதலில் தேடியது ‘விதின்’. ‘விதின் மண்டே’ வந்தது, ‘விதின் டுமாரோ’ வந்தது, ஒரு மெயிலில் ‘விதின் டுடே ஈவினிங்’ என்றே இருந்தது. அந்த மெயில் நாலு பேருக்குப் போயிருக்கிறது. நாலு பேரும் அன்று சாயங்காலத்துக்குள் வேலையை முடித்து, ‘டன் விதின் டைம்’ என்று பதிலும் போட்டிருக்கிறார்கள்.